உடலுக்குள் சென்ற பூச்சிமருந்து: அது போகும் வழியும் வெளியேறும் காலமும்

பூச்சிமருந்து பாதிப்புக்காக எங்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களின் உறவினர்கள் பெரும்பாலும் இரண்டாம் நாள் காலையில் எங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "வாந்தி நின்றுவிட்டது, கண் திறந்து பேசுகிறார், கஞ்சி கேட்கிறார். இன்னும் எதற்காக இங்கே வைத்திருக்கிறீர்கள்?" கேள்வி நியாயமானது. விதைப்பும் அறுவடையும் காத்திருக்கின்றன. வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். உடன் இருப்பவரின் கூலியும் போகிறது. ஆயினும் அந்த நாளில் நாங்கள் அனுப்ப மறுக்கிறோம். காரணம், நோயாளி பார்வைக்குத் தெளிந்துவிட்டாலும் நஞ்சு இன்னும் உடலைவிட்டுப் போகவில்லை என்பதே. அது எப்படி உள்ளே வருகிறது, உள்ளே என்னவாக மாறுகிறது, எங்கே தங்குகிறது, எவ்வழியே வெளியேறுகிறது என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

முதலில் ஓர் எல்லையை வகுத்துக்கொள்கிறோம். கடைகளில் 'மருந்து' என்ற ஒரே பெயரில் விற்கப்படுபவை பல வகைப்பட்டவை. (நோய் தீர்ப்பதற்கும் பூச்சியைக் கொல்வதற்கும் நம் மொழியில் ஒரே சொல் வழங்குவது எங்களுக்குத் தொல்லையாகவே இருக்கிறது. "மருந்து சாப்பிட்டுவிட்டார்" என்று தொலைபேசியில் சொன்னால், எந்த மருந்து என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.) இங்கே நாங்கள் பேசுவது ஆர்கனோபாஸ்பேட் என்னும் குடும்பத்தைப் பற்றி மட்டுமே. குளோர்பைரிபாஸ், டைமெத்தோயேட், மோனோகுரோட்டோபாஸ், புரோபெனோபாஸ், மாலத்தியான் ஆகியவை இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. 1930களில் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற வேதியியலாளர் பூச்சிகளை ஒழிக்க வழி தேடியபோது இக்குடும்பத்தின் கொடிய இயல்பு வெளிப்பட்டது. அதே ஆய்விலிருந்து போர்க்கள நச்சு வாயுக்களும் பிறந்தன. பாராகுவாட் போன்ற களைக்கொல்லிகளும் எலிமருந்துகளும் முற்றிலும் வேறு வழியில் உடலைத் தாக்குகின்றன. இங்கே எழுதப்பட்டிருப்பதை அவற்றுக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

எடுத்துக்காட்டாகக் குளோர்பைரிபாஸை வைத்துக்கொள்வோம். நெல்லுக்கும் பருத்திக்கும் தெளிப்பார்கள். வீட்டு அஸ்திவாரத்தில் கரையானுக்கு ஊற்றுவார்கள். பலருக்கும் தெரிந்த பெயர்.

உள்ளே வரும் வழிகள்

மூச்சு வழியே சென்றால் சில நிமிடங்களிலேயே இரத்தத்தில் கலந்துவிடும். காற்றுக்கு எதிராக நின்று தெளிப்பவர்களுக்கும், மூடிய அறையில் கலப்பவர்களுக்கும் இவ்வாறு நேர்கிறது. வாய் வழியே சென்றால் குடலிலிருந்து உறிஞ்சப்பட அரை மணி முதல் சில மணி நேரம் ஆகலாம். தோலைத்தான் எவரும் வழியாகவே கருதுவதில்லை. "கையில்தானே பட்டது, கழுவிவிட்டார்" என்பார்கள். ஆகவே தோலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

தோல் உடல் முழுதும் ஒரே தன்மையுடையதன்று. 1971இல் அமெரிக்காவில் மெய்பாக் என்ற தோல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் பாரத்தியான் என்ற ஆர்கனோபாஸ்பேட்டை மிக நுண்ணிய அளவில், கதிரியக்க அடையாளமிட்டு, தன்னார்வலர்களின் உடலில் வெவ்வேறு இடங்களில் தடவி, எவ்வளவு உள்ளே சென்றது என்று சிறுநீரைக் கொண்டு கணக்கிட்டார்கள். முன்கையில் தடவியதில் நூற்றுக்கு 8.6 பங்கு உள்ளே சென்றது. உள்ளங்கையில் 11.8, வயிற்றில் 18.4, தலைத்தோலில் 32.1, நெற்றியில் 36.3, அக்குளில் 64. விதைப்பையின் தோலில் தடவியது ஏறத்தாழ முழுவதுமே உள்ளே சென்றுவிட்டது.

இந்த எண்களை நம் வயலில் வைத்துப் பாருங்கள். முதுகில் சுமக்கும் கைத்தெளிப்பானின் மூடியோ குழாயோ கசிந்தால், நீர்த்த மருந்து முதுகு வழியே இடுப்புக்கு இறங்குகிறது. லுங்கியையும் உள்ளாடையையும் நனைக்கிறது. நனைந்த துணி வியர்வையோடு சேர்ந்து தொடையிடுக்கில் பல மணி நேரம் ஒட்டிக்கிடக்கிறது. மிக அதிகமாக உறிஞ்சும் தோல் அங்கேதான் இருக்கிறது. நெற்றி வியர்வையை மருந்து பட்ட கையாலேயே துடைத்துக்கொள்வதும் இவ்வாறே. வெயிலும் வியர்வையும் தோலின் இரத்த ஓட்டத்தைக் கூட்டுவதால் உறிஞ்சுதலும் கூடுகிறது. எல்லாச் சேர்மங்களும் பாரத்தியானைப் போல வேகமாக ஊடுருவுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1984இல் வெளியான மற்றோர் ஆய்வில், குளோர்பைரிபாஸ் முன்கைத் தோல் வழியே நூற்றுக்கு 3 பங்குக்கும் குறைவாகவே உள்ளே சென்றது. ஆனால் ஆய்வகத்தின் முன்கையும், நாள் முழுதும் ஈரத்துணி சுற்றிய இடுப்பும் ஒன்றல்ல.

இதனால்தான் அவசரப் பிரிவுக்கு வந்தவுடன் உடைகள் அனைத்தையும் கழற்றிவிட்டுச் சோப்பும் நீரும் கொண்டு தலை முதல் கால் வரை குளிப்பாட்டுகிறோம். எண்ணெய் தடவிய தலைமுடியில் மருந்து எளிதில் தங்கும்; எனவே முடியை இருமுறை அலசுகிறோம். நகங்களை வெட்டுகிறோம். அரைஞாண் கயிறு, கையில் கட்டிய மந்திரித்த கயிறு, மஞ்சள் கயிறு ஆகியவற்றையும் எடுக்கச் சொல்வதுண்டு. பருத்திக் கயிறு திரியைப் போல மருந்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, குளித்த பின்னும் தோலில் விட்டுக்கொண்டே இருக்கும். தாலிக் கயிற்றைக் கழற்றச் சொல்வது எவ்வளவு வருத்தமளிக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். தாலியைக் கழுவித் தந்துவிடுகிறோம், புதுக்கயிற்றில் கோத்துக்கொள்ளலாம். தோல் பெல்ட்டையும் தோல் செருப்பையும் மட்டும் எவ்வளவு கழுவினாலும் சுத்தப்படுத்த இயலாது. அவற்றைத் திரும்ப அணிய வேண்டாம். பாதிக்கப்பட்டவரின் துணிகளை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைப்பதும் கூடாது.

வாய் வழியே சென்றபோது செய்யப்படும் முதலுதவிகள் பலவும் தீங்கானவை. புளிக்கரைசல், உப்புக்கரைசல், சாணக்கரைசல், முட்டையின் வெள்ளைக்கரு ஆகியவற்றைக் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிறார்கள். பூச்சிமருந்துப் புட்டியில் நஞ்சு மட்டும் இருப்பதில்லை. அதைக் கரைத்து வைத்திருக்கும் பெட்ரோலியக் கரைப்பான்களும் இருக்கின்றன. வாந்தியின்போது அவை நுரையீரலுக்குள் சென்றால் கடும் நிமோனியா உண்டாகும். நினைவு மங்கியவருக்கு வாயில் எதையாவது ஊற்றுவதும் அதே ஆபத்தையே தருகிறது. எதுவும் கொடுக்காமல், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108 வாகனத்தை அழைப்பதே போதும்.

"வயிற்றைக் கழுவவில்லையா?", "கரித்தூள் கொடுக்கவில்லையா?" என்று கேட்பவர்களுக்கு: மருந்து உள்ளே சென்று நேரம் கடந்துவிட்டால் வயிற்றில் கழுவுவதற்கு அதிகம் எஞ்சியிருப்பதில்லை. மூச்சுக்குழாய்க்குப் பாதுகாப்பில்லாமல் கழுவினால் கெடுதலே நேரும். கரித்தூளைப் பற்றி இலங்கையில் 4,632 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டு 2008இல் வெளியானது. பல்வேறு நஞ்சுகளால் பாதிக்கப்பட்ட அவர்களுள் கரித்தூள் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இறப்பில் வேறுபாடு காணப்படவில்லை. எனவே யாருக்குத் தேவை என்று பார்த்தே கொடுக்கிறோம்.

கல்லீரலில் நடப்பது

பெரும்பாலான நஞ்சுகளைக் கல்லீரல் வீரியம் குறைத்து வெளியேற்றும் என்பதே நாம் பொதுவாக அறிந்தது. குளோர்பைரிபாஸ் விஷயத்தில் நடப்பது வேறு. புட்டியில் இருக்கும் வடிவத்தில் அதன் பாஸ்பரஸ் அணுவோடு ஒரு கந்தக அணு பிணைந்திருக்கிறது. அந்த வடிவம் நரம்புகளை நேரடியாக அவ்வளவாகத் தாக்குவதில்லை. கல்லீரலிலுள்ள நொதிகள் அதை உடைக்க முற்படும்போது, அந்தக் கந்தகத்தை நீக்கிவிட்டு அவ்விடத்தில் ஆக்சிஜனை வைத்துவிடுகின்றன. இவ்வாறு பிறக்கும் 'ஆக்சான்' வடிவம் மூலப்பொருளைவிடப் பன்மடங்கு வீரியமானது. நம்மைக் காக்கும் உறுப்பின் கையாலேயே நஞ்சு கூர் தீட்டப்படுகிறது என்று சொல்லலாம். மருந்து உள்ளே சென்று சில மணி நேரம் நன்றாக இருந்தவர் பிறகு திடீரென மோசமாவதற்கு இதுவும் ஒரு காரணம். "வரும்போது நடந்துதானே வந்தார், இங்கே வந்த பிறகுதான் இப்படி ஆகிவிட்டது" என்று வருந்தும் குடும்பங்களிடம் நாங்கள் சொல்ல விரும்புவது இதையே. எல்லா ஆர்கனோபாஸ்பேட்டுகளுக்கும் இந்த மாற்றம் தேவையில்லை. மோனோகுரோட்டோபாஸ் உள்ளே நுழையும்போதே செயல்படும் வடிவில் இருக்கிறது.

அதே கல்லீரல் மறுபுறம் நஞ்சை உடைக்கவும் செய்கிறது. இரத்தத்தில் பாராக்சனேஸ் என்றொரு நொதி, நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் துகள்களின்மேல் ஏறிச் சுற்றி வருகிறது. அது ஆக்சானை இரு துண்டுகளாக வெட்டிவிடும். அத்துண்டுகள் நரம்பைத் தாக்க இயலாதவை. இந்நொதியின் அளவும் திறனும் பரம்பரையாக ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. ஒரே வயலில் ஒரே மருந்தைத் தெளித்த அண்ணன் தம்பியருள் ஒருவர் படுத்துவிட, மற்றவர் ஒன்றுமில்லாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பிறந்த குழந்தைகளிடம் இந்நொதி மிகக் குறைவு. தெளித்துவிட்டு வந்த உடையோடு கைக்குழந்தையைத் தூக்க வேண்டாம் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

இனி ஆக்சான் செய்யும் கேட்டைப் பார்ப்போம். நரம்பு தசைக்கு ஆணையிடும்போது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சிறிது வெளியிடுகிறது. ஆணை நிறைவேறியவுடன் அதைத் துடைத்தெடுக்கக் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அங்கேயே காத்திருக்கிறது. ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளைச் சிதைக்க வல்லது அது. ஆக்சான் அந்த நொதியின் வாயில் ஆப்பு அடித்ததுபோல் பொருந்திக்கொள்கிறது. துடைப்பவர் இல்லாததால் அசிட்டைல்கோலின் தேங்குகிறது. சுரப்பிகள் நிற்காமல் சுரக்கின்றன: எச்சில் வழிகிறது, கண்ணீரும் வியர்வையும் பெருகுகின்றன, மூச்சுக்குழாய்களில் சளி நிறைந்து நுரையாக வெளிவருகிறது. கண்மணி ஊசிமுனைபோல் சுருங்குகிறது. நாடித்துடிப்பு குறைகிறது. வயிற்றுப்போக்கும், தோலுக்கடியில் தசை துள்ளுவதும் தெரிகின்றன.

ஆப்பு இறுகுவதற்கும் ஒரு காலம் உண்டு. தொடக்கத்தில் பிராலிடாக்சிம் என்ற மருந்தால் அதைப் பிடுங்க முடியும். நேரமாக ஆக நஞ்சும் நொதியும் பிரிக்கவியலாதபடி பிணைந்துவிடும். டைமெத்தோயேட் போன்ற ஒரு பிரிவில் ஏறத்தாழ 3.7 மணி நேரத்தில் பாதி நொதி இவ்வாறு இறுகிவிடுகிறது. குளோர்பைரிபாஸ் சேர்ந்த பிரிவில் அதற்கு 33 மணி நேரம் வரை ஆகிறது. பெயர் தெரிந்தால்தான் இந்தக் கணக்கைப் போட முடியும். புட்டியையோ அதன் லேபிளின் படத்தையோ கொண்டுவாருங்கள் என்று நாங்கள் கெஞ்சிக் கேட்பது காவல்துறைக்காக அன்று. இந்த மாற்று மருந்தின் பயன் குறித்து இதுவரை நடந்த ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். அதனால்தான் ஒரு நோயாளிக்குக் கொடுத்ததை மற்றொருவருக்குக் கொடுக்காமல் இருக்கிறோம்.

அட்ரோபின் குறித்து அப்படிப்பட்ட ஐயம் இல்லை. அது நஞ்சை வெளியேற்றுவதில்லை. தேங்கிய அசிட்டைல்கோலின் சுரப்பிகளையும் இதயத்தையும் தாக்காதபடி குறுக்கே நிற்கிறது. மூச்சுக்குழாய் வறண்டு நெஞ்சில் இரைச்சல் நீங்கும் வரை, ஐந்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்கிச் செலுத்துகிறோம். இவ்வளவு ஊசியா என்று அஞ்ச வேண்டாம். அளவு சற்று மிகும்போது நோயாளி பிதற்றலாம், போர்வையைப் பிய்க்கலாம், இல்லாத ஆட்களோடு பேசலாம். உடல் சுடும், வாய் வறளும், சிறுநீர் அடைபடும். "புத்தி பேதலித்துவிட்டது" என்று அழுத தாய்மார்களைப் பார்த்திருக்கிறோம். அது அட்ரோபினால் வருவது. அளவைக் குறைத்தால் தெளிந்துவிடும். ஆனால் அதைக் கண்டவுடன் செவிலியரிடம் சொல்வது அவசியம்.

இரண்டாம் நாள் ஏன் போகக் கூடாது

குளோர்பைரிபாஸ் போன்றவை கொழுப்பில் எளிதில் கரைபவை. இரத்தத்தில் ஓடும்போது அவற்றின் ஒரு பகுதி உடலின் கொழுப்புத் திசுவுக்குள் ஒதுங்கிவிடுகிறது. சிகிச்சையால் இரத்தத்திலிருந்த நஞ்சு குறைந்தவுடன், கொழுப்பில் இருந்தது மெதுவாக இரத்தத்துக்குத் திரும்பி வருகிறது; கல்லீரல் அதையும் ஆக்சானாக மாற்றுகிறது. கிணற்றை இறைத்தபின் ஊற்றுக்கண்ணிலிருந்து மீண்டும் நீர் கசிவது போன்றது இது. நின்றிருந்த எச்சிலும் நுரையும் மறுநாளோ மூன்றாம் நாளோ திரும்ப வருவதுண்டு. பருமனானவர்களிடம் இதைக் கூடுதலாக எதிர்பார்க்கிறோம்.

இதைவிட நாங்கள் அஞ்சுவது வேறொன்று. 1987இல் இலங்கையின் நிமல் சேனநாயக்க, லக்ஷ்மன் கரல்லியத்தே ஆகிய இரு மருத்துவர்கள் 10 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்கள் அனைவரும் முதற்கட்ட நச்சுத்தன்மையிலிருந்து மீண்டு வந்தவர்கள். நஞ்சு உட்சென்ற 24 முதல் 96 மணி நேரத்துக்குள் அவர்களுடைய கழுத்து, தோள், தொடைத் தசைகளும், கண்ணையும் முகத்தையும் அசைக்கும் தசைகளும், மூச்சுத் தசைகளும் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. சிலருக்குச் செயற்கைச் சுவாசம் உடனடியாகத் தேவைப்பட்டது. தளர்ச்சி 18 நாட்கள் வரை நீடித்தது. முதற்கட்டத்துக்கும், வாரங்கள் கழித்து வரும் நரம்புப் பாதிப்புக்கும் இடையில் வருவதால் இதை 'இடைநிலை நோய்க்குறி' என்று அழைத்தனர். உலகெங்கும் இன்று அந்தப் பெயரே வழங்குகிறது. அசிட்டைல்கோலின் நீண்ட நேரம் தேங்கி நின்றதால் தசைகளின் ஏற்பிகள் அயர்ந்துவிடுகின்றன என்பது இதற்கான பொதுவான விளக்கம். அட்ரோபின் இதைத் தடுக்காது, சரிசெய்யவும் செய்யாது. செயற்கைச் சுவாசக் கருவி கொண்டு தசைகள் மீளும் வரை மூச்சைத் தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை. அவ்வாறு தாங்கப்பட்டவர்களுள் பெரும்பாலோர் முழுமையாக மீள்கிறார்கள்; இந்நேரத்தில் வீட்டில் இருப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

24 மணி முதல் 96 மணி வரை என்றால் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை. கஞ்சி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாட்கள் அவை.

இங்கே உடன் இருப்பவரின் கண்கள் எங்களுக்குப் பெரும் துணை. முதலில் தளர்வது கழுத்து. நோயாளியை மல்லாந்து படுக்க வைத்து, கைகளை ஊன்றாமல் தலையைத் தலையணையிலிருந்து தூக்கச் சொல்லுங்கள். நேற்றுத் தூக்கியவர் இன்று தூக்க முடியாமல் திணறினால் அப்பொழுதே செவிலியரை அழையுங்கள். வார்டு சுற்று வரும் வரை காத்திருக்க வேண்டாம். இமை சரிவது, பொருள் இரண்டாகத் தெரிவது, குரல் மூக்கால் பேசுவதுபோல் ஆவது, தண்ணீர் விழுங்கும்போது புரையேறுவது, ஒரே மூச்சில் ஒன்று முதல் இருபது வரை எண்ண இயலாமல் போவது ஆகியவையும் அதே எச்சரிக்கையைத் தருகின்றன. மூச்சுத்திணறல் கண்ணுக்குத் தெரியும் வரை பொறுத்தால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். தசை தளர்ந்தவரால் மூச்சு வாங்குவதைக்கூட வெளிக்காட்ட முடிவதில்லை. அமைதியாகத் தூங்குவது போலவே தோன்றும்.

வெளியேறும் வழி

பாராக்சனேஸும் கல்லீரலும் உடைத்த துண்டுகள் நீரில் கரைபவை. சிறுநீரகம் அவற்றை வடிகட்டி வெளியேற்றுகிறது. குளோர்பைரிபாஸிலிருந்து பிறக்கும் துண்டைச் சுருக்கமாக டிசிபி என்பார்கள். முன்பு குறிப்பிட்ட 1984ஆம் ஆண்டு ஆய்வில், தன்னார்வலர்கள் வாய் வழியே எடுத்துக்கொண்ட சிற்றளவில் ஏறத்தாழ 70 விழுக்காடு இந்த வடிவில் சிறுநீரில் வந்து சேர்ந்தது. இருந்ததில் பாதி வெளியேறச் சுமார் 27 மணி நேரம் ஆயிற்று. பாதி, பிறகு அதில் பாதி என்று கணக்கிட்டால், சிற்றளவுக்கே பெரும்பகுதி வெளியேற நான்கைந்து நாட்கள் தேவைப்படுகின்றன. அளவு மிகும்போது நொதிகள் திணறுவதால் இன்னும் நீளும்.

குளுக்கோஸ் பாட்டில் நிறைய ஏற்றினால் விஷம் சிறுநீரில் இறங்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சிறுநீரகத்தால் வெளியேற்ற முடிவது உடைக்கப்பட்ட துண்டுகளை மட்டுமே. உடைக்கும் வேகத்தைச் சலைன் கூட்டாது. சளியால் நிறைந்த நுரையீரலுக்கு அளவுக்கு மீறிய நீர் கேடே செய்யும். டயாலிசிஸ் செய்து இரத்தத்தைச் சுத்திகரிக்கக் கூடாதா என்ற கேள்வியும் அவ்வாறே. நஞ்சின் பெரும்பகுதி கொழுப்பிலும் திசுக்களிலும் ஒதுங்கியிருக்கையில், இரத்தத்தை மட்டும் வடிகட்டிப் பெரும் பயன் கிடைப்பதில்லை. இதற்காகக் கடன் வாங்கி நோயாளியை ஊர் ஊராக மாற்றும் குடும்பங்களைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது. மாற்றும் பயணத்தில் மூச்சு நின்றுபோகும் ஆபத்து, எதிர்பார்க்கும் பயனைவிடப் பெரிது.

ஆறுதலான செய்தியும் உண்டு. டிடிடி, எண்டோசல்பான் போன்ற ஆர்கனோகுளோரின் வகைகளோடு ஒப்பிட்டு, "விஷம் ஆயுள் முழுதும் உடம்பில் தங்கிவிடுமா?" என்று கேட்கிறார்கள். டிடிடி கொழுப்பில் பல ஆண்டுகள் தங்கக்கூடியது. ஆர்கனோபாஸ்பேட்டுகள் அவ்வாறு தங்குவதில்லை. நாட்கணக்கில், மிஞ்சினால் வாரக்கணக்கில் உடைந்து வெளியேறிவிடுகின்றன.

அப்படியானால் இரத்தப் பரிசோதனையில் கோலினெஸ்டரேஸ் மட்டும் ஏன் இன்னும் குறைவாகவே இருக்கிறது? பரிசோதனை அளப்பது நஞ்சையல்ல. நஞ்சால் அழிந்தபின் மிச்சமிருக்கும் நொதியை. நிரந்தரமாக இறுகிய நொதி மீள்வதில்லை. புதிதாக உண்டாக வேண்டும். கல்லீரலில் உண்டாகி இரத்தநீரில் இருக்கும் வகை நான்கு முதல் ஆறு வாரங்களில் பழைய நிலைக்கு வரும். சிவப்பணுக்களில் இருக்கும் வகை, புதிய சிவப்பணுக்கள் பிறந்தால்தான் கூடும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு. சிவப்பணுவின் ஆயுள் 120 நாட்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். ஆகவே அறிக்கையில் எண் குறைந்திருப்பதால் மட்டும் நோயாளி ஆபத்தில் இருப்பதாகக் கொள்ள வேண்டாம். நாங்கள் தசைவலுவையும் மூச்சையும் பார்த்தே முடிவெடுக்கிறோம். ஆனால் அந்த எண்ணுக்கு வேறொரு பொருள் உண்டு. சேமிப்பு தீர்ந்த நிலையில், முன்பு ஒன்றும் செய்யாத சிறு அளவுகூட இப்போது படுக்க வைத்துவிடும். மூன்று மாதங்களுக்காவது தெளிப்பு வேலை வேண்டாம் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் நாங்கள் எழுதுவது இந்தக் கணக்கைக் கொண்டுதான். விதைக்கும் முன் விதைநேர்த்தி செய்வதும், மருந்துப் புட்டியைக் கழுவுவதும்கூட இதில் அடங்கும்.

வீட்டுக்குச் சென்றபின்

இரண்டு மூன்று வாரங்கள் கழித்துக் கெண்டைக்காலில் குடைச்சலும், பாதத்தில் மதமதப்பும் தோன்றி, செருப்பு காலிலிருந்து நழுவத் தொடங்கினால் உடனே வாருங்கள். சிலவகை ஆர்கனோபாஸ்பேட்டுகள் கோலினெஸ்டரேஸ் அல்லாத வேறொரு நொதியைத் தாக்கி, நீண்ட நரம்புகளைப் பிற்பாடு பாதிக்கின்றன. முன்பு குறிப்பிட்ட சேனநாயக்கவும் ஜெயரத்தினமும் 1981இல் இலங்கையில் பதிவு செய்த ஒரு நிகழ்வு தமிழ்க் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியது. பூப்பெய்திய சிறுமிகளுக்கு வழக்கப்படி கொடுத்த நல்லெண்ணெயில் டிரைகிரெசில் பாஸ்பேட் என்ற தொழிற்சாலைப் பொருள் கலந்திருந்தது. அதனால் அச்சிறுமிகளின் கை கால் நரம்புகள் பாதிக்கப்பட்டன. அது பூச்சிமருந்தன்று, ஆனால் இதே பாஸ்பரஸ் குடும்பம். மருந்து வைத்திருந்த புட்டியிலும் கேனிலும் எண்ணெயோ குடிநீரோ ஊற்றி வைக்கும் பழக்கம் எந்த வீட்டில் இருந்தாலும் இன்றே விட வேண்டும்.

நஞ்சு எவ்வாறு உள்ளே சென்றது என்பதை எங்களிடம் உள்ளபடி சொல்லுங்கள். தெளிக்கும்போது பட்டதா, தவறிக் குடித்ததா, மனம் உடைந்து எடுத்ததா என்பதைப் பொறுத்து அளவும் நேரமும் சிகிச்சையும் மாறுகின்றன. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும். அவர்மேல் வழக்குத் தொடர்வதோ தண்டிப்பதோ கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சொல்கிறது. மறைப்பதால் கிடைப்பது ஒன்றுமில்லை. அத்தகையவரிடம் படுக்கையருகில் நின்று காரணம் கேட்டுக் கடிந்துகொள்ளாதீர்கள்; எங்கள் மனநல மருத்துவர் தனியாக அமர்ந்து பேசுவார். அவரைச் சந்திக்காமல் டிஸ்சார்ஜ் கேட்க வேண்டாம். வீட்டில் மீதமிருக்கும் மருந்தை, நோயாளி திரும்புவதற்கு முன்னரே உறவினர் ஒருவர் அகற்றிவிட வேண்டும். எந்நேரமும் பேச 14416 என்ற டெலிமனஸ் எண் உண்டு. தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. உடன் இருந்து களைத்துப்போன உறவினரும் அதே எண்ணில் பேசலாம்.

மறுபரிசோதனைக்கு வரும்போது டிஸ்சார்ஜ் சீட்டையும் பழைய கோலினெஸ்டரேஸ் அறிக்கைகளையும் கொண்டுவாருங்கள். ஒவ்வொருவரின் இயல்பான அளவும் வேறு என்பதால், அறிக்கைத் தாளில் அச்சிட்ட எல்லையைவிட, உங்களுடைய சென்ற மாத எண்ணோடு ஒப்பிடுவதே எங்களுக்கு அதிகம் சொல்லும்.